செல்வி கொடுக்காத போட்டோ

போன ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கலாம் என்று குருசுக்குப்பம் போனேன். மீன் வாங்கிய பாடில்லை. தெருமுனையில் ஒரு கல்யாண பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது பிளெக்ஸின் வாடை மூக்கில் ஏறியது. பெண், மாப்பிள்ளை, தாய்மாமன்கள் எல்லாரும் கூலிங்கிளாஸோடு நிற்க, மேல் மூலையில் வட்டத்துக்குள் ஒரு பழைய கறுப்பு வெள்ளை முகம். சுருட்டை முடி, கழுத்துவரை பூட்டிய சட்டை, போட்டோகிராபருக்குப் பயந்த கண்கள். பேனரில் அந்த மூலை வழக்கமாக மறைந்தவர்களுக்கான இடம். அந்த முகமோ எனக்குத் தெரிந்த முகம். ஒரு மத்தியானம் முழுக்க இந்த போட்டோவுக்காகத் தவம் கிடந்திருக்கிறேன்.

பிளெக்ஸ் வாடைக்கும் எங்கள் பழைய ஆபீஸுக்கும் சம்பந்தம் இல்லைதான். மூக்கு நாம் சொன்னபடியா கேட்கிறது? அது நேராக என்னை போட்டோ கழுவும் அந்த இருட்டறையின் மருந்து நெடிக்குக் கூட்டிப்போனது. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் எங்கள் பத்திரிகை நடந்தது. மாடியில் அவர் ரேடியோவில் பிரெஞ்சுச் செய்தி கேட்பார்; கீழே நாங்கள் தமிழ்ச் செய்தி எழுதுவோம். இருட்டறையை ஒட்டியே அவர் சமையலறை. எங்கள் போட்டோவில் மீன்குழம்பு வாசமும், அவர் மீன்குழம்பில் எங்கள் மருந்து வாசமும் அடிப்பதாகக் கேலி செய்வோம்.

சட்டசபைச் செய்தி எழுதும் ஆசையில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கிடைத்ததோ சாவு வீட்டில் போட்டோ வாங்கும் வேலை. தீயோ, லாரியோ, கடலோ, எதில் யார் போனாலும், "பொம்பளப் புள்ள கேட்டா குடுத்துடுவாங்க" என்று ஆசிரியர் என்னைத்தான் விரட்டுவார். போட்டோ எங்கே இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. கண்ணாடிக்குப் பின்னால், ரேஷன் கார்டுக்குள், சாமி படத்தின் இடுக்கில். போட்டிப் பத்திரிகை நிருபர் அன்வர் எனக்கு வைத்த பெயர் 'எமனோட பி.ஏ.' என்னிடம் வண்டி கிடையாது. அவருடைய மொபெட்டின் பின்சீட்டில்தான் போவேன். செய்தியில் போட்டி, பெட்ரோலில் கூட்டணி.

அன்வருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "உடம்பு கெடைக்கலன்னா, வீட்டு மனுசங்க கையால போட்டோ வரணும். அதுவரைக்கும் அது சாவு இல்ல, வெறும் தகவல்" என்பார். அவர் குடும்பமே ஜவுளி வியாபாரம். அளந்து பார்க்காமல் துணியைக் கிழிக்காதவர்கள். இந்தக் குணமும் கடையிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தபோது, தனியாகக் கட்டுமரத்தில் போயிருந்த தங்கவேல் என்ற மீனவர் திரும்பவில்லை. மரம் மட்டும் உடைந்து ஒதுங்கியது. "பலின்னே போட்டுக்குங்க" என்று ஒரு அதிகாரி சுலபமாகச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் போட்டோ வேண்டும் என்று ஆசிரியர் என்னைத் துரத்தினார்.

தங்கவேலின் மனைவி செல்விக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். பேனரில் பார்த்த அதே போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. நான் பழகிய குரலில், "ஒரு போட்டோ குடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். கொடுக்கப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் அதை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"குடுக்க மாட்டன். குடுத்தா அவரு செத்துட்டாருன்னு ஆயிடும்."

"பேப்பர்ல பாத்துட்டு யாராச்சும் தகவல் சொல்லுவாங்கம்மா."

"எங்க ஊரு ஆம்பளைங்க படம் பேப்பர்ல எதுக்கு வரும்னு எனக்குத் தெரியாதா?"

அப்படியும் விடாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பார்த்தால் அந்த வேலை நடக்காது. வரக்காபி கொடுத்தாள், போட்டோ கொடுக்கவில்லை. கடைசியில் வாசலில் நின்ற அன்வர் கூப்பிட்டார். "எழுந்து வாம்மா. 'கரை திரும்பல'ன்னு எழுதுவோம். அதான் நமக்குத் தெரியும்."

அவருக்கென்ன, அவருடைய ஆசிரியர் சாது. என்னுடையவர் எகிறினார். "ஊரே பலின்னு போடும். நீ மட்டும் கரை திரும்பலன்னு கத எழுதுறியா? நாளைலருந்து வீட்லயே இரு!" வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஆனாலும் முந்தானைக்குள் அந்தச் சட்டத்தைப் பிடித்திருந்த கை கண்ணுக்குள் நின்றது. "அவங்க குடுக்கல சார். நான் பலின்னு எழுத மாட்டேன்" என்றேன். வீரமாக அல்ல, அழுதுகொண்டேதான். முணுமுணுத்தபடி நான் எழுதியதையே அச்சுக்கு அனுப்பினார். மறுநாள் எங்கள் இரண்டு பத்திரிகைகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் தங்கவேல் செத்திருந்தார். ஆசிரியர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தங்கவேல் வந்துவிட்டார்! காரைக்கால் விசைப்படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். காய்ச்சலில் கிடந்துவிட்டு, யாரோ கொடுத்த தொளதொள சட்டையோடு பஸ் ஏறியிருக்கிறார். நானும் அன்வரும் ஓடினோம். வீடு முழுக்க ஜனம்.

"பஸ் ஸ்டாண்டுல வட வாங்கனேன். மடிச்சிக் குடுத்த பேப்பர்ல பாத்தா நான் செத்துக் கெடக்கறேன்" என்று சிரித்தார் தங்கவேல். "நல்லவேள போட்டோ இல்ல. இருந்திருந்தா கடைக்காரரு பேய்னு சுடுதண்ணி ஊத்தியிருப்பாரு."

இப்போதாவது போட்டோ தரச்சொல்லிக் கேட்டேன். செல்வி அழுகையும் சிரிப்புமாக மாட்டேன் என்று தலையாட்டினாள். "இப்பப் போட்டா கண்ணு பட்டுடும்." ஆகவே அவர் திரும்பிய செய்தியும் போட்டோ இல்லாமலே வந்தது. ஆசிரியர் என்னைத் திங்கட்கிழமையிலிருந்து சட்டசபைக்குப் போகச் சொன்னார். அங்கே போன பிறகு சாவு வீடே தேவலை என்று தோன்றியது.

"ஏம்மா, நீ போட்டோ கேட்டு வந்த பொண்ணுதான?"

பேனரடியில் நின்ற என் கையை யாரோ பிடித்தார்கள். செல்வி. தலை நரைத்த பிறகும் பொண்ணு என்று கூப்பிட ஒரு ஆள் இருப்பது தனி சுகம். நான் கேட்கத் தயங்கி மேல்மூலையைப் பார்த்தேன்.

"அய்ய, அவரு உள்ளதான் இருக்காரு. எங்க பேத்திக்குத்தான் கல்யாணம். அவதான், தாத்தாவோட சின்ன வயசு போட்டோ ஸ்டைலா இருக்குதுன்னு போட்டுட்டா."

அப்பாடா என்று இருந்தது. உள்ளே தங்கவேல் பொக்கை வாயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வி ஆணியிலிருந்து அதே சட்டத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இந்தா, இப்பப் போடு உம் பேப்பர்ல."

பேப்பர் எங்கே இருக்கிறது? அது நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. சொல்தா வீட்டுக் கீழ்த்தளம் இப்போது காபி ஷாப். இருட்டறை இருந்த இடத்தில் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடிக்கிறார்கள். அன்வரும் போய்விட்டார். அவர் போட்டோவை அவர் மனைவி என் கையில்தான் கொடுத்தார். இன்று போட்டோ கேட்டு யாரும் எந்த வாசலிலும் நிற்பதில்லை. பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று பிடித்துவைக்க எந்தச் செல்விக்கும் வழியில்லை.

பேப்பர் இல்லை என்று சொல்ல மனம் வராமல், "போடுறேன்க்கா" என்றேன். சட்டத்தை மடியில் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். இந்தக் கையால் எத்தனையோ பேருடைய போட்டோ வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஆளே எதிரில் உட்கார்ந்து, எட்டிப் பார்த்து, "நல்லா விழுந்துச்சாம்மா?" என்று கேட்டது இதுதான் முதல் தடவை.