ராத்தாவுக்கென்று வைத்திருந்த வீடு

புத்தளத்தில் எங்கள் வீடு கடலோடு சேர்ந்த களப்பிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. மாரியில், போயா என்கிற பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், களப்பு பெருகினால் தண்ணீர் கழிவுநீர்க் கான் வழியாகத் திரும்பி வளவுக்குள் வரும். வெயில் எறிக்கும் நாளிலும் வரும். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம்.

என் மூத்தவள் ராத்தாவைப் பெண் பார்க்கக் கனமூலையிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் அப்படியொரு நாளுக்குத்தான். எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம்; மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அதனால் வருகிறவர்கள் பெண்ணோடு வீட்டையும் பார்ப்பார்கள். இன்னொரு நாள் வரச் சொல்லுவோம் என்றார் உம்மா.

"இண்டைக்கி ஏறாது. நான் சொல்றன்," என்றார் வாப்பா.

மாப்பிள்ளையின் உம்மாவும் சாச்சியும் வந்தார்கள். வட்டிலப்பம் வைத்தோம். கதை நன்றாகத்தான் போனது; அதற்குள் வளவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பிறகு மாப்பிள்ளையின் உம்மா என் பக்கம் சாய்ந்து, "மகள், பாத்ரூம் எங்க ஈக்கி?" என்று மெல்லக் கேட்டார்.

களப்பு பெருகும் நேரத்தில் எங்கள் கக்கூஸ் குழி நிரம்பி, ஊற்றிய தண்ணீர் மேலே வந்துவிடும். நாங்களே அடுத்த வீட்டுக்குத்தான் போவோம். அதை எப்படிச் சொல்வது? நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்தாதான் எழுந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாய் திறக்காமல் இருக்கவேண்டியவள்.

"எங்கட கக்கூஸ் இப்ப பாவிக்க ஏலா மாமி. களப்புத் தண்ணி ஏறீக்கி. பக்கத்து ஊட்டுக்குக் கூட்டிப் போறன்."

வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அது கறுத்து, நாறியது. ராத்தா மாமியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மாமி நடந்ததை நானும் வாப்பாவும் ஜன்னலால் பார்த்தோம்.

திரும்பி வந்ததும் மாமி கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டார். "வருசா வருசம் இப்பிடியா?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

"இல்ல, இந்த முறதான்..." என்று தொடங்கிய வாப்பா, ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஓம்," என்றார்.

அடுத்த கிழமை பதில் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, வீடு வேண்டாம். கனமூலையில் தங்கள் வளவிலேயே ஒரு அறை கட்டுவார்களாம். உம்மா அழுது அல்லாஹ்வைப் புகழ்ந்தார். வாப்பா வெளியே போய்விட்டார்.

கல்யாணத்தன்று வந்தவர்கள் ஒவ்வொருவராக, மாப்பிள்ளை இங்கேதானே இருப்பார் என்று கேட்டார்கள். "இல்ல, புள்ள அங்க போறா," என்று வாப்பா ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவருடைய குரல் சிறுத்துக்கொண்டே போனது. ராத்தா வண்டியில் ஏறும்போது அவர் பந்தலின் பின்பக்கம் போய் நின்றார். அவள் இறங்கி அங்கே போய்த்தான் சலாம் சொன்னாள்.

இப்போது அந்த வீடு எனக்கென்கிறார்கள். என்னைப் பார்க்க இன்னும் யாரும் வரவில்லை.