தனேஸ்வரி கொண்டுபோன நாற்பத்தெட்டு

2024 ஆகஸ்ட் 4: போனவர்கள் 19. விட்டுவந்த பொருள்கள் 57.
2024 ஆகஸ்ட் 21: தடைக் கடிதம் 1.
2025 ஜூலை 24: போனவர்கள் 6. கொண்டுபோனவை 48. கொண்டுவந்தவை 47.

மலேசியாவின் ஈஜோக் ஊர்த் தனேஸ்வரிக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவர். கணவர் புவனேசனின் சாம்பலைக் கோல சிலாங்கூர் கடலில் கரைத்திருந்தார். ஆடி அமாவாசைக்கு அங்கே நின்று கும்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கரையெல்லாம் முழங்கால் சேறு. கால் ஊன்றி நிற்கக்கூடிய இடம், படகில் அரைமணி நேரம் போனால், கடல் வற்றும்போது தெரியும் மணல்திட்டுதான். அது பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடம்.

முதல் முறை போனபோது, ஆற்றங்கரையில் செய்வதுபோல மாலை, வாழையிலை, தேங்காய் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவந்தார்கள். மாலை கட்டிய நைலான் நூல் ஒரு பறவையின் காலில் சுற்றிக்கொண்டது. வனவிலங்குத் துறையிடமிருந்து தடை வந்தது.

"நம்ம தப்புதான். எழுதுங்க" என்றார் தனேஸ்வரி. ஊரில் மனு எழுதித் தரும் நான், துறைக்கு நான்கு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு முறை ஆறு பேர் போகலாம். ஒரு பொருள் அங்கே தங்கினாலும் இனி எவருக்கும் அனுமதியில்லை என்று பதில் வந்தது.

படகுத்துறையில், எங்களோடு வரவிருந்த காவலர் ஜீவன் முன்னால் எண்ணினோம். உதிரிப்பூ 24, வெற்றிலை 12, வாழைப்பழம் 6; தாம்பாளம், மூடிபோட்ட விளக்கு, லைட்டர், தண்ணீர்ப் போத்தல், ஈரத்துணி, புவனேசனின் படம்.

"காக்காவுக்குச் சோறு எங்க ஆன்ட்டி?" என்றார் ஜீவன்.

"காக்கா எங்க வீட்டுலதானே இருக்கு. அங்க போயி வைக்கிறேன்லா."

திட்டில் காற்று எழுந்ததும் பூக்கள்மேல் ஈரத்துணியைப் போர்த்தினார். கும்பிட்டு முடித்தபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. மறுபடி எண்ணினோம். வெற்றிலை பதினொன்று.

மணலெல்லாம் தேடினோம். எழுபத்தெட்டு வயது வேலம்மா மட்டும் குனியவுமில்லை, பேசவுமில்லை.

"அக்கா, வாயத் தொற" என்றார் தனேஸ்வரி.

நாக்கு பச்சையாக இருந்தது.

"படகு ஆட்டுன ஆட்டத்துல கொமட்டுச்சுடி. அதான் மென்னேன்."

"சக்கையை எங்க துப்புனீங்க பாட்டி?" என்றார் ஜீவன்.

"துப்புறதா? நீ பாத்த பார்வையில முழுங்கிட்டேன்!"

ஜீவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப அதுவும் திரும்பித்தான் போவுது" என்று கையெழுத்துப் போட்டார். 'வெற்றிலை 1: வேலம்மா வயிற்றில்' என்று எண்ணிக்கைப் படிவத்தில் குறித்தேன்.

"அடுத்த வருசம் பெரிய படகா பேசணும்" என்றார் தனேஸ்வரி, தாம்பாளத்தை மடியில் வைத்தபடி.

ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் இருபது பேர் போகலாம் என்ற கடைசிக் கடிதம் அவர் கைக்கு வந்தது: 2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை.