சொல்லாமல் வந்த வெள்ளிக்கிழமை

மயிலத்துக்குப் பக்கத்தில், கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகிற குடும்பத்தின் முதல் பட்டதாரி தென்னரசு. அதில் அவனுக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. விழுப்புரத்தில் எம்.எஸ்சி. உளவியல் சேர்ந்தபோது தேவநாதன் சார்தான் அவனுக்கு மென்டார். கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல எதுனா பிரச்சினையாப்பா?" என்று அவர் கேட்ட பதவிசில் மயங்கி, அண்ணனுக்குக் காதில் குரல் கேட்பதையும், ஊருக்குத் தெரியாமல் அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதையும் கொட்டிவிட்டான். அடுத்த வாரம் வகுப்பில் அதுவே உதாரணமாக வந்தது. "மயிலம் பக்கத்துப் பையன் ஒருத்தன்" என்று சார் ஆரம்பித்ததுமே எல்லாத் தலையும் இவன் பக்கம் திரும்பியது. பேரைச் சொல்லவில்லையாம், அதுதான் அவருடைய தொழில் தர்மம்.

இரண்டாம் வருடம் சார் புதுத் திட்டம் போட்டார். சீனியர்கள் ஜூனியர்களுக்கு மென்டாராக இருக்க வேண்டும்; அவர்கள் மனம்விட்டுச் சொல்வதை வெள்ளிதோறும் தன்னிடம் வந்து ஒப்பிக்க வேண்டும். தென்னரசுக்கு வந்தவள் கோட்டக்குப்பத்து ஷிஃபா. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவனிடம் பேசிக்கொண்டே அழுதுவிட்டாள். பார்த்தவர்கள் சார் காதில் போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சார் கேட்டார். "அந்தப் பொண்ணு என்னப்பா சொல்லுச்சு?"

"அத சொல்ல முடியாதுங்க சார்."

"நான் உன் கைடு. ப்ராஜெக்ட்ல நான் கையெழுத்துப் போட்டாத்தான் உனக்கு டிகிரி. ஞாபகம் இருக்கா?"

"இருக்குது சார். எங்க அண்ணன் கதைய நீங்க கிளாஸ்ல சொன்னதும் ஞாபகம் இருக்குது."

சாரின் முகம் சுண்டிப்போனது. "வீட்ல மொதல்ல படிச்சவன்னு ரொம்ப ஆடுற. வேற கைடு பாத்துக்க."

அவர் கழற்றிவிட்ட மாணவனை யார் எடுப்பார்கள்? ஒருவர் மழுப்பினார், ஒருவர் ஃபோனையே எடுக்கவில்லை. திண்டிவனத்தில் இருந்த இன்னொரு பேராசிரியர் அமலா மேடம் வீட்டு வாசலுக்கே போய் நின்றான். தேவநாதனோடு தனக்கெதற்கு வம்பு என்று சொல்லி, மேடம் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

ஷிஃபாவும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தன் கதையை இவன் ஒப்பித்திருப்பான் என்றே நம்பியிருந்தாள். சாரின் வகுப்புகள் பல முடிந்தும் அது உதாரணமாக வராததைப் பார்த்த பிறகுதான் கேன்டீனுக்குத் தேடி வந்தாள். கூட இன்னொரு பெண்.

"அண்ணா, இவளுக்கும் ஒண்ணு சொல்லணுமாம்."

"எனக்கே கைடு கெடையாது. இந்த வருஷம் டிகிரியும் வராது. எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?" என்று எரிந்து விழுந்தான் தென்னரசு.

"சார்கிட்ட போவாதுல்ல," என்றாள் ஷிஃபா.

அவன் பெஞ்சில் இருந்த பையைக் கீழே வைத்து இடம் விட்டான்.