கேட்கக் கொடுத்த நெஞ்சு

இல்லை, அவர் வைத்தியர் அல்ல. தாதியும் அல்ல. மருத்துவ பீடத்தில் எந்தப் பதவியும் அவருக்கு இருக்கவில்லை. சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பெண். செவ்வாய்க்கிழமை காலை, என்னோடு மருத்துவம் படித்த எங்கள் பட்ச் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதினார்கள்: "சிவமலர் அக்கா மோசம் போயிட்டா." அப்படித்தான் அவருடைய சாவு எனக்குத் தெரியவந்தது.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பெயர் மறந்திருக்கலாம். அவருடைய இதயத்தின் முதலாவது ஒலியை மறந்திருக்க மாட்டீர்கள்.

தெரியாதவர்களுக்கு. சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இதயத்தின் இடப்பக்க வால்வைத் தடிக்கச்செய்து ஒடுக்கிவிட்டிருந்தது. ஒடுங்கிய வாயிலால் இரத்தம் நெருக்கிக்கொண்டு போகும்போது ஒரு முணுமுணுப்பு எழும். பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே எழும். அதனால் இறுதியாண்டுப் பரீட்சைக்கு அவரை அழைப்பார்கள். கட்டிலில் படுத்திருப்பார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்க வேண்டும். கேட்டதைப் பரீட்சகரிடம் சொல்ல வேண்டும். சிவமலர் அக்கா எங்களுக்கு எதையும் சொல்லக்கூடாது. அது விதி.

அந்த விதியை அவரைப்போல் காத்தவர் யாருமில்லை. அந்த முணுமுணுப்பு மிகத் தாழ்ந்தது. நோயாளி இடப்பக்கம் சரிந்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால்தான் வடிவாகக் கேட்கும். இது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நாங்கள் சொல்லும்வரை மல்லாந்தபடி மரக்கட்டைபோல் கிடப்பார். பரீட்சைக்கு முந்திய ஒரு வகுப்பில் என் நண்பன் கெஞ்சினான்.

"அக்கா, ஒருக்கால் திரும்புங்கோவன்."

"ஏன் திரும்ப வேணும்? காரணத்தைச் சொல்லும், திரும்புறன்."

அவனுக்குக் காரணம் தெரியவில்லை. அவர் திரும்பவில்லை.

வீட்டிலிருந்து தன்னுடைய போர்வையைக் கொண்டுவருவார். நீலக்கரை போட்டது. அதை எங்கே விலக்குவது, எவ்வளவு விலக்குவது என்பதை அவரே தீர்மானிப்பார். பெடியன்கள் கூச்சப்பட்டால் அதட்டுவார். "நான் வெக்கப்படேல்லை, நீர் ஏன் வெக்கப்படுறீர்? நெஞ்சை விட்டிட்டுக் கூரை முகட்டைப் பாத்தா என்ன கேக்கும்?"

ஒரு நாள் அவர் காதில் ஸ்ரெதஸ்கோப்பை மாட்டிவிட்டேன். இத்தனை வருடமாக எல்லோரும் கேட்டதை அவர் கேட்டதேயில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே சொன்னார்: "இது தூரத்துத் தோட்டத்திலை மிசின் தண்ணி இறைக்கிற சத்தமெல்லோ." பிறகு கண்ணைத் திறந்தார். "ஆர்ரை தோட்டமெண்டுதான் தெரியேல்லை."

எந்தப் புத்தகத்திலும் அந்த முணுமுணுப்புக்கு இதைவிடச் சரியான விவரிப்பை நான் இன்னும் வாசிக்கவில்லை.

பரீட்சை.

இதை எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. வழக்கமாகப் பரீட்சைக்கு வரும் நோயாளிகளைப் பற்றி மூத்த மாணவர்கள் தயாரித்த குறிப்புக் கோப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. அவருக்கும் ஒரு பக்கம். நாடி சீர், நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. முதலாவது ஒலி உரத்தது. முணுமுணுப்பு அந்த ஒலிக்குச் சற்று முன் ஓங்கும். மனப்பாடம் செய்திருந்தேன்.

அவருடைய கட்டிலே எனக்குக் கிடைத்தது. ஸ்ரெதஸ்கோப் குழாயின் முனையை உள்ளங்கையில் சூடாக்கினேன். சரிந்து படுக்கச் சொன்னேன். மூச்சை நிறுத்தச் சொன்னேன். காரணத்தோடு. எல்லாம் முறைப்படி. பிறகு குறிப்பில் இருந்ததை ஒப்பித்தேன்.

"நாடி?" என்று பரீட்சகர் கேட்டார்.

"சீர், சேர். எழுபத்திரண்டு."

"ஒருக்கால் திரும்பப் பாரும்."

மணிக்கட்டில் விரல் வைத்தேன். இரண்டு அடி அடுத்தடுத்து. ஒரு இடைவெளி. மூன்று அடி. நீண்ட இடைவெளி. எந்த ஒழுங்கும் இல்லை. என் விரலுக்குத் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"சீர்தான், சேர்."

சிவமலர் அக்கா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிச் சீர் குலைந்த இதயத்தில் முணுமுணுப்பு ஓங்காது. ஓங்கவே முடியாது. இல்லாத ஓர் ஒலியைக் கேட்டதாகவும் நான் சொல்லியிருந்தேன்.

மதியம் வெளி விறாந்தையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலையிலேயே பரீட்சகர் நாடியைக் கவனித்து, நோயாளர் வாட்டில் அனுமதிக்க ஏற்பாடு செய்திருந்தார். என்னைக் கண்டதும் அக்கா நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"பிள்ளை, இஞ்சை வாரும். இண்டைக்கு எத்தினை பேர் குழாய் வைச்சவை தெரியுமே? ஆறு பேர். ஒரு பெடியன்தான் பிழை கண்டுபிடிச்சவன்."

"உங்களுக்கு முன்னமே தெரியுமோ அக்கா?"

"ரெண்டு கிழமையா நெஞ்சுக்குள்ளை மீன் துள்ளுற மாதிரி. களைப்பும். சோதனை வருகுதுதானே, இத்தினை பிள்ளையள் கேக்குங்கள், ஏதுமெண்டால் சொல்லுங்கள் எண்டு இருந்திட்டன்."

நான் அழத் தொடங்கினேன். அவர் நிறுத்தவில்லை.

"சின்னனிலை மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கேக்கை எண்ணெய் பூசினவை. ஒருத்தரும் நெஞ்சிலை குழாய் வைக்கேல்லை. அது விளங்குது, அப்ப வைக்க ஆள் இல்லை. நீர் வைச்சனீர். வைச்சும் கேக்கேல்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. பரீட்சகரைப்போல, கண்டதைச் சொன்னார். பிறகு, "அழாதையும். ஆறு மாதத்தாலை திரும்ப எழுதும்" என்றார்.

நான் அந்தப் பரீட்சையில் சித்தியடையவில்லை. அவருக்கு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள். அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். அவருடைய சாவுக்கும் என் பொய்க்கும் தொடர்பில்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை. அன்று பரீட்சகர் இல்லாமல் நான் மட்டும் இருந்திருந்தால்?

கோப்பிலிருந்து அவருடைய பக்கத்தை நீக்கினேன். இரண்டு நாளில் யாரோ தன் பிரதியிலிருந்து திரும்பச் சேர்த்துவிட்டார்கள். "தான் பெயிலானாப் பிறகு இவவுக்கு ஞானம் பிறந்திட்டுது" என்று குழுவில் ஒருவன் எழுதினான். கிளினிக்கில் அக்காவைக் கண்டபோது இதைச் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப நான் செத்தாலும் உங்கடை கொப்பியிலை என்ரை நாடி எழுபத்திரண்டுதான்."

இரண்டாம் தடவை எழுதுவதற்கு முன் ஒரு நாள் மினிபஸ்ஸில் அவரைச் சந்தித்தேன். நெரிசல். அவர் இருக்கையில், நான் கம்பியைப் பிடித்தபடி. கையை நீட்டினார்.

"சும்மாதானே நிக்கிறீர், எண்ணும்."

பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கிச் சொன்னேன்.

"சீரில்லாத நாடியை உப்பிடிப் பெருக்கேலுமோ? முழு நிமிசம் எண்ணும். எனக்கு அவசரமில்லை."

வீதி முழுக்கக் கிடங்கும் பள்ளமும். பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கைரேகையோ?"

"ஓம்" என்றார் சிவமலர் அக்கா. "எனக்கு எப்ப கலியாணமெண்டு பாக்கிறா. கதை குடுக்காதேங்கோ, எண்ணிக்கை பிழைச்சிடும்."

அன்று எண்ணியது எத்தனை என்று நினைவில் இல்லை. அது சீரற்றது என்று சொன்னேன். முதன்முதலாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

நேற்று சண்டிலிப்பாய்க்குப் போயிருந்தேன். எங்கள் பட்சில் ஏழு பேர் வந்திருந்தோம். அவருடைய உடலுக்கு முன்னால் நின்றபோது எங்களில் ஒருவருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பெரிய தத்துவம் எதுவுமல்ல. அறுபது செக்கன். இன்னொருவர் எழுதியதை வாசிப்பதற்கு முன், என் விரலை வைத்து, வாயை மூடிக்கொண்டு, முழுதாக அறுபது செக்கன்.

இன்று காலை நான் வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் முதலாவதாக வந்தவர் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு முதியவர். அவருடைய அட்டையில் போன மாதம் யாரோ 'நாடி சீர்' என்று எழுதியிருந்தார்கள். அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்ன தங்கச்சி, இவ்வளவு நேரம்? ஏதும் பிழையோ?"

"கதைக்காதேங்கோ ஐயா, எண்ணுறன்."

எழுபத்தாறு. சீராகத்தான் இருந்தது. அப்படியே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.