பண்ணைக்காட்டு வேலியில் ஆரஞ்சு முனைச் சிறகு

போன ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து அக்கா ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைப் பட்டாம்பூச்சி, சிறகின் முனை மட்டும் ஆரஞ்சு. கீழே ஒரே வரி: "அம்மா இருக்கிற பக்கம் இது உண்டா?" பதினான்கு மாதம் கழித்து வந்த முதல் வரி. அம்மாவைக் கொடைக்கானல் கல்லறையில் அடக்கம் செய்தபோது அக்கா வந்து சேரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. ஒரு நாள் பொறுப்போம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கோபம் நியாயம்தான். படம் வந்த மறுநாளே மதுரையில் காலை ஆறு மணி பஸ் ஏறிவிட்டேன்.

வத்தலக்குண்டு வழியாக நாலு மணி நேரம். வட்டக்கானலில் அறை, நாளுக்கு 1,200 ரூபாய். சீமைப் பூச்சிக்குக் குளிர்தான் பிடிக்கும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். இரண்டு நாளும் மேகம் ஜன்னல் வழியாக வந்து, கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது. அழகுதான். பூச்சி மட்டும் இல்லை. நாயுடுபுரத்து டாக்சிக்காரர் ஆரோக்கியம் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன்.

"இந்தக் குளிருல அதுக்கு என்னங்க சோலி? கீழ பண்ணைக்காட்டுல எங்க மாமியா வத்தலுக்குக் காய் பறிக்கிற ஆதொண்டைக் கொடி வேலில கெடக்கு. அதுலதான் இது முட்டை வைக்கும். வெள்ளனே கெளம்பிருங்க."

31 கிலோமீட்டர், போய்வர 2,200 ரூபாய். பத்தரைக்கு வெயில் ஏறியது. முள்வேலிக்கு மேல் வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒன்று மிதந்து வந்தது. அக்கா படத்தில் இருந்ததற்கு ஒன்றுவிட்ட பங்காளி, அளவில் இரட்டிப்பு. போனைத் தூக்கிப் பிடித்தேன். உட்கார்ந்ததும், சருகு நிறத்து அடிப்பக்கம் மட்டும் தெரிய, சிறகை மூடிக்கொண்டது. போனில் விழுந்தது வெறும் காய்ந்த சருகு.

"எடுத்துட்டீங்களா?" என்றார் அண்ணன். அந்தச் சருகுப் படத்தையே அனுப்பினேன். "அம்மா பக்கத்தில் இல்லை. ஒன்றரை மணி நேரம் கீழே இருக்கிறது. ஆரஞ்சு உள்ளே இருக்கிறது, நேரில்தான் தெரியும்."

போகிறவர்களுக்கு: டாக்சி தேவையில்லை, கொடைக்கானலிலிருந்து பண்ணைக்காட்டுக்குக் காலை 7.40க்குப் பஸ் இருக்கிறது. முதல் நாள் மழை பெய்திருந்தால் நல்லது. வேலியில் கை வைக்காதீர்கள், முள் கொக்கி மாதிரி பிடிக்கும்.

பஸ் நேரத்தை நான் விசாரித்தது எனக்காக அல்ல. அன்று மத்தியானமே அக்காவிடமிருந்து பதில் வந்தது: "எந்த பஸ்?"

7.40, அக்கா. இந்தத் தடவை நீ வரும்வரை காத்திருப்பேன்.