கோணக்காதுக்குத் தைத்த வார்

குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்துக் கொடுக்கும் சேணக்காரர் கணக்கு எழுதும் லட்சணத்தைப் பார்த்து அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. பட்டறைச் சுவரில் தொங்கும் அந்த நீள நோட்டில் மனுஷர் பேர் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் குதிரைகள்தான். ‘செவலை, கழுத்துப்பட்டை, பாதிக் காசு. கடிக்கும்.’ ‘தொப்பைக்காரி, புதுச் சேணம். வயிறு இன்னும் பெருக்கும்.’

“பாக்கி கேட்டுக் குதிரைகிட்டயா போய் நிப்பீங்க?” என்பாள் மனைவி.

“நான் ஆளைப் பாத்தா தைக்கிறேன்? குதிரையப் பாத்துத்தானே தைக்கிறேன்” என்பார் இவர். இப்படியே காலம் ஓடிவிட்டது.

அன்று மேடேறும்போது, வண்டிக்காரருடைய குதிரை பொட்டுக்காரனை வண்டியோடு பிணைத்திருந்த இழுவை வார் அறுந்தது. மூட்டைகளோடு வண்டி பின்னால் உருண்டு கவிழ்ந்து, அவருடைய இடது கால் நொறுங்கிப்போனது. வண்டியைத் தூக்கி நிறுத்தியவர்கள் அறுந்த வாரைக் கொண்டுவந்து பட்டறையில் போட்டார்கள். “பாவம், மூட்டைய அதிகமா ஏத்திட்டாராம். அவரே சொல்லி அழுவுறாரு. இதத் தச்சு வையுங்க” என்றார்கள். சேணக்காரர்மேல் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் அறுந்த முனையை விரலால் தடவினார். தையல் விடவில்லை. தோல்தான் இழுபட்டு நார் நாராகப் பிரிந்திருந்தது. மாட்டின் முதுகுத் தோல் கெட்டி, இப்படிப் பிரியாது. நோட்டைப் புரட்டினார். ‘பொட்டுக்காரன், இழுவை வார். வயிற்றுத் தோல். மாற்றணும்.’ அதற்குக் கீழேயே, ‘கோணக்காது. அதே தோல், அதே வார். மாற்றணும்.’

நல்ல தோல் கிடைக்காத சமயத்தில் அவசரத்துக்கு வயிற்றுத் தோலில் வெட்டிக் கொடுப்பார். குறித்து வைத்துக்கொண்டு, பிறகு கூப்பிட்டு மாற்றிவிடுவார். இந்த இரண்டையும் மறந்து தொலைத்திருந்தார், பாவி மனுஷன்.

பட்டறையில் கூடவே வேலை செய்யும் மைத்துனன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போடுங்க மாமா. அவரே தன் தப்புன்னு சொல்றாரு. நீங்க ஏன் போய் மாட்டிக்கிறீங்க?”

“கிழிச்சா கோணக்காது கழுத்துல இருக்கிற வார் நல்லதாயிடுமாடா?”

கோணக்காதை வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டு ஊரையே விட்டுப் போய்விட்டார். வாங்கியவர் யார்? குதிரையை மட்டுமே கவனித்தவருக்கு அது கைமாறிய ஆள் தெரிந்தால்தானே! நோட்டை இடுக்கிக்கொண்டு லாடம் கட்டுகிறவரிடம் ஓடினார். அவருக்கும் தெரியவில்லை. புல்லுக்கடைக்காரரோ சாவகாசமாகக் காதைக் குடைந்துகொண்டே, “அந்த வியாபாரத்த முடிச்சு வெச்சதே நம்ம வண்டிக்காரருதானே. அவரக் கேளுங்க” என்றார்.

சேணக்காரர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் பட்டறைக்கு இனி எவன் வருவான்? சோற்றுக்கு என்ன வழி? சொல்லாமல் இருந்தால், எந்த மேட்டில் எவன் அடுத்து விழுவான்?

சும்மா விசாரிப்பதுபோல் கேட்டுவிடலாம் என்று வழியெல்லாம் ஒரு பொய்யைப் பழகிக்கொண்டே போனார். கட்டிலில் கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்த வண்டிக்காரர் இவரைப் பார்த்ததும் விசும்பினார். “பேராசை அண்ணே. நாலு மூட்டைய கூட ஏத்திட்டேன். என்னால நானே கெட்டேன்.”

பழகிவந்த பொய்யை அப்படியே விட்டுவிட்டார் சேணக்காரர்.

“மூட்டையால இல்ல தம்பி” என்றார். நோட்டைத் திறந்து இரண்டு வரியையும் படித்துக் காட்டி, கோணக்காதை வாங்கியவர் யார் என்று கேட்டார். வண்டிக்காரருடைய மனைவி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

வண்டிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“செங்கல் சூளைக்காரரு வாங்கினாரு,” என்றார் கடைசியில். “அங்க மேடு இன்னும் செங்குத்து. போய் அத மொதல்ல அவுத்துப் போடுங்க. அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க.” அண்ணே என்ற வார்த்தை அதில் இல்லை.

பட்டறைக்குப் போய் முதுகுத் தோலில் வெட்டிய புது வாரைத் தோளில் போட்டுக்கொண்டு சேணக்காரர் ஓடினார். சூளையில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை மறித்துக் கோணக்காதின் வாரை மாற்றினார். கழற்றியதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கிழிந்தே விட்டது.

பட்டறைக்குத் திரும்பி, கோணக்காது வரியை அடித்தார். பொட்டுக்காரன் வரியை அடிக்கக் கை வரவில்லை. அதன் பக்கத்தில், அந்த நோட்டில் முதல் தடவையாக, ஒரு மனுஷனை எழுதினார். ‘வண்டிக்காரர், இடது கால்.’ மேற்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியாமல், பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதார்.