பெரட்டில் ஒரு பெயர்

விடியற்காலைப் பனியில் ஒரு பெண்குரல் பெயர்களை வாசிக்கிறது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக "அடா" என்கிறார்கள். மலாயில் 'இருக்கிறேன்' என்று பொருள். கிள்ளானுக்கு அப்பாலிருந்த செம்பனைத் தோட்டத்தில் வேலைக்கு முன் பெரட்டில் ஆள் சரிபார்ப்பது இப்படித்தான். நான் அங்கே ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுபவன். வாசித்தவர் மண்டோர் அக்கா. குலை வெட்டுபவர்களெல்லாம் அவர் பொறுப்பு. இப்போது நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் பத்தாவது மாடியில் படுத்திருக்கும்போதும், விழிப்புக்குச் சற்று முன்னால் அந்தக் குரல் வந்துவிடுகிறது.

அக்காவின் பிள்ளைகள் உட்பட நம் பிள்ளைகள் யாரும் அரிவாளைத் தொடவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஏசி ஆபீஸ் இருக்கும்போது யார் வருவார்கள்? லொம்போக் தீவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களை நம்பித்தான் தோட்டம் ஓடியது. அந்த வருடம் புதிய ஆட்களுக்கு பெர்மிட் கிடைக்கவில்லை. வெட்ட ஆளில்லாத குலைகள் மரத்திலேயே பழுத்து உதிர்ந்து, பாதையெல்லாம் ஆரஞ்சு நிறமாகக் கிடந்தது. மிதித்தால் எண்ணெய் கசியும். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. மேனேஜர்தான் தூக்கம் தொலைத்து அலைந்தார். அறுவடை முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை என்றார். செம்பனையில் அறுவடை முடிவதே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் லொம்போக்காரன் ஒருவனின் தாய் சாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் என் அலமாரியில் பூட்டியிருந்தது. அக்கா என் மேசையருகே வந்து நின்றார்.

"கிராணி தம்பி, சாவிய மேசையில வச்சிட்டு ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க லா. மெதுவாவே வாங்க."

நான் இரண்டு கிளாஸ் டீ குடித்தேன்.

மறுநாள் பெரட்டில், ஊருக்குப் போய்விட்ட அவன் பெயரும் வாசிக்கப்பட்டது. பனிக்குள்ளிருந்து வேறு யாரோ "அடா" என்றார்கள். அதன்பிறகு தினம் ஒரு குரல். அவன் வரிசை மரங்களை மற்றவர்கள் பங்குபோட்டு வெட்டினார்கள். நானும் அவன் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்தேன். பதினைந்து நாளில் திரும்புவதாகச் சொன்னவன் வரவேயில்லை.

ஒருநாள் மேனேஜர் தானே பெரட்டுக்கு வந்து முகம் முகமாகப் பார்த்தார். அலமாரியைத் திறந்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் அக்கா.

என் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை. அந்த வாரமே வேலை போய், அக்கா சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு செந்தூலுக்கு, மகள் வீட்டுக்குப் போனார். "அவன் போன் பண்ணான் தம்பி. அம்மாவ உயிரோட பாத்துட்டானாம்," என்று மட்டும் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். நழுவிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் அக்கா பார்த்துவிட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கையில் இல்லாத பெரட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் விரலை நக்கிக்கொண்டு, அதே குரலில் கூப்பிட்டார்.

"கிராணி தம்பி."

"அடா, அக்கா," என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.